வாக்குரிமைக்கு முன்பே

மலேசியாவில் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைக்கும் சட்டத்திருத்தம் 2019 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. வாக்களித்த 211 உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றி அதை ஆதரித்தனர். ஆனால், நடைமுறைக்கு வருவது தாமதமானது. சரவாக் இளையோர் ஐவர் கூச்சிங் உயர் நீதிமன்றத்தை நாடி, 2021 இறுதிக்குள் செயல்படுத்த வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்றனர். அப்போது அவர்களுக்கே வாக்குரிமை இல்லை! அவ்வாண்டு டிசம்பர் 15-இல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

இப்போது 18 வயது நிறைந்தவர் தானாகவே வாக்காளராகிறார். வசதிதான், ஆனால், முன்பு பெயரைப் பதியச் சென்றவர் ஒருமுறையாவது தேர்தலைப் பற்றிச் சிந்தித்திருப்பார். இன்று தம் தொகுதியின் பெயரைக்கூட அறியாமல் ஒருவர் வாக்குச்சாவடிக்குள் நுழையலாம்.

அரசியல் பெரியவர்களின் வேலை என மாணவர் பலர் எண்ணுகின்றனர். நேரத்திற்கு வராத பேருந்து, மழை பெய்தால் நிரம்பி வழியும் கால்வாய், எரியாத தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி அவர்களே தினமும் குறைபட்டுக்கொள்கின்றனர். அந்தக் குறையைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திற்குக் கடிதமாக எழுத 18 வயது ஆக வேண்டியதில்லை. அதே திருத்தம் 18 வயதினர் நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளராக நிற்கவும் வழிவிட்டுள்ளது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.