கல்லறை பார்க்கக் கடல் கடக்க வேண்டுமா?

தமிழ்ப் பயணக் கட்டுரைகளில் ஒரு சடங்கு நிலைபெற்றுவிட்டது. பாரிசுக்குப் போகும் எழுத்தாளர் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடுவதில்லை. ஆஸ்கர் வைல்டின் கல்லறைமேல் படிந்த உதட்டுச்சாயக் கறைகளையும், அவற்றைத் தடுக்க 2011இல் எழுப்பிய கண்ணாடித் தடுப்பையும் விரிவாக எழுதுகிறார். லண்டனுக்குப் போகிறவர் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஹைகேட்டில் மார்க்ஸ் சிலையின் முன் நிற்கிறார். பிறகு மரணம், காலம், புகழ் ஆகியவற்றைக் குறித்து நான்கு பத்திகள். படிக்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இவர்களில் எத்தனை பேர் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் கால் வைத்திருப்பார்கள்?

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்து துணி ஏற்றுமதி செய்தது. சதுரங்கப்பட்டினத்து மஸ்லின் ஐரோப்பியச் சந்தையில் பேர்பெற்ற சரக்கு. 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினர். 1818இல் டச்சுக்காரருக்குத் திரும்பிய ஊர், 1825இல் முற்றிலுமாக ஆங்கிலேயர் வசமானது. கோட்டைக்குள் மதில் சூழ்ந்த ஒரு சிறு கல்லறை வளாகம் இருக்கிறது. அங்குள்ள கல்பலகைகளில் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. இந்தக் கடற்கரையில் டச்சுக்காரர் விட்டுச்சென்ற நினைவுச்சின்னங்களைப் பற்றி அலெக்சாண்டர் ரீ 1897இலேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கல்லறை வாசகங்களைத் தமிழில் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

‘அது அந்நியன் கல்லறை, நமக்கென்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்நியனின் கல்லறை பாரிசில் இருந்தால் இலக்கியம், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தால் அடிமைச்சின்னம் என்பது என்ன நியாயம்? அந்தக் கற்களின் முன் நின்றால்தான் அங்கே இல்லாதவர்களின் நினைவு வரும். அத்துணியை நெய்த தறிக்காரர்களுக்கு அங்கே கல் கிடையாது. 17ஆம் நூற்றாண்டின் பஞ்சங்களில் இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றியது இதே கம்பெனிதான். அவர்களுக்கு எந்த மண்ணிலும் கல் இல்லை. அந்த வெற்றிடத்தைக் காணவாவது நாம் அங்கே போக வேண்டும்.

இன்னொரு வாதமும் உண்டு: ‘நாம் எரிப்பவர்கள், கல்லறை நம் மரபே அல்ல.’ கற்றவர்கள் சொல்லும்போது இது அறியாமையாகத் தோன்றவில்லை. வசதியான மறதியாகத் தோன்றுகிறது. புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் குயவனிடம் ஈமத்தாழியைப் பற்றிப் பேசுகின்றன. சுடுவதையும் புதைப்பதையும் தாழியில் கவிப்பதையும் மணிமேகலை அடுத்தடுத்து வைத்துச் சொல்கிறது. அந்த இலக்கியத்துக்கான சான்று செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்தின் குன்றுச் சரிவுகளிலேயே கிடக்கிறது. மதுராந்தகம் அருகே சாணூரில் மத்தியத் தொல்லியல் துறை 1950, 1952 ஆண்டுகளில் அகழாய்வு செய்தது. கல்வட்டங்களுக்கு அடியில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள் கிடைத்தன. குன்னத்தூரிலும் அகழாய்வு நடந்தது. டச்சுக் கல்லறைகளைப் பதிவுசெய்த அதே ரீதான் ஆதிச்சநல்லூரிலும் செங்கல்பட்டு வட்டாரத்துப் பெரும்பேரிலும் தாழிகளைத் தோண்டி எடுத்தவர். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே நிலத்தின் கல்லறைகளாகத் தெரிந்தன. நமக்கோ இரண்டுமே தெரியவில்லை.

மக்கள் ‘பாண்டுக்குழி’ என்றழைக்கும் இந்த ஈமக்காடுகளில் பல, மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்பது சட்டம். பட்டியலில் ஏறாத கல்வட்டங்களோ கல்குவாரிக்கும் வீட்டுமனைக்கும் இரையாகின்றன. டச்சுக்காரனின் கல்லில் பெயரும் தேதியும் இருப்பதால் அது ‘வரலாறு’ ஆகிவிட்டது. பெயரில்லாதவனின் கல் ஜல்லியாகிறது.

இது தொல்லியல் துறையோடு முடிகிற விஷயமும் அல்ல. இறந்தவருக்கு இடம் கொடுப்பதில் நம் சமூகம் என்றுமே கணக்குப் பார்த்துத்தான் வந்திருக்கிறது. சாதிக்கொரு சுடுகாடும் சாதிக்கொரு சுடுகாட்டுப் பாதையும் இன்றும் ஊர்தோறும் உண்டு. 2019இல் வாணியம்பாடி அருகே, மயானத்துக்குப் போக வழியில்லாமல் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாம்தான் ஹைகேட்டின் மரநிழலில் நின்று மரணம் அனைவரையும் சமமாக்குகிறது என்று எழுதுகிறோம். மரணம் இங்கே யாரையும் சமமாக்கவில்லை.

பெர் லாஷேசுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போய் வாருங்கள், எழுதுங்கள். அங்கே நம்மைக் கவர்வது சலவைக்கல்லின் அழகு மட்டும் அன்று. இறந்தவர்களின் பட்டியலை ஒரு சமூகம் பொதுச்சொத்தாகக் காத்துவருகிற ஒழுங்கும்தான். அந்த ஒழுங்கை ஏன் இங்கே கேட்கக்கூடாது? சதுரங்கப்பட்டினத்துக் கல்வாசகங்களைத் தமிழாக்கி அங்கேயே பலகையாக வைக்கச் சொல்வோம். எஞ்சியிருக்கும் பாண்டுக்குழிகளை ஊர்வாரியாகக் கணக்கெடுக்கச் சொல்வோம். எல்லா ஊரிலும் மயானமும் அதற்கான பாதையும் பொதுவாகட்டும் என்போம். மூன்றும் ஒரே கோரிக்கை. மூன்றாவதைக் கேட்கத் தயங்குகிறவருக்கு முதல் இரண்டையும் கேட்கும் தகுதி கிடையாது.