பத்து நாள் பணக்காரர்கள்

போன வாரம் மதியம், கிளையில் கூட்டம் ஓய்ந்த நேரம். எங்கள் டோம்பிவிலி பில்டிங் அண்ணாச்சி வந்தார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், திருநெல்வேலிக்காரர். மதினியோடு எட்டு நாள் ஸ்விட்சர்லாந்து பார்க்கப் போகிறார்.

"தம்பி, மச்சான்கிட்ட அஞ்சு லட்சம் கைமாத்து வாங்கி அக்கவுண்ட்ல போடுதேன். பத்து நாள் கிடக்கட்டும். ஸ்டேட்மெண்ட் எடுத்ததும் திருப்பிக் குடுத்திருவேன். விசாவுக்கு அப்படித்தான் காட்டணுமாம்லா?"

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். பேங்க் ஆபீசர் என்ற முறையில் சொன்னதை விட, பட்டவன் என்ற முறையில் சொன்னதுதான் அதிகம்.

2019-ல் அம்மாவுக்குப் பனி பார்க்க ஆசை. அம்மா, தங்கமணி, பையன், நான் என்று நாலு பேருக்கும் ஷெங்கன் விசாவுக்கு மனு போட்டேன். பேலன்ஸ் மெலிவாகத் தெரிகிறதே என்று நண்பரிடம் மூணு லட்சம் வாங்கி, மனு போட எட்டு நாள் இருக்கும்போது கணக்கில் போட்டேன். யாராவது லோன் கேட்டு இப்படித் திடீரென்று வீங்கிய கணக்கோடு வந்தால் நான் நாலு கேள்வி கேட்பேன். என் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்!

நாலு பேருக்கும் மறுப்பு. விசா முடிவதற்குள் நாங்கள் திரும்பிவிடுவோம் என்பது உறுதிப்படவில்லை என்ற இடத்தில் ஒரு டிக். கட்டிய கட்டணம் போனது போனதுதான். அந்த மூணு லட்சம்தான் காரணம் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் கொரோனா, அப்புறம் அம்மாவின் முழங்கால். இப்போது பனியைப் பற்றி அம்மா பேசுவதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷெங்கன் நாடுகள் 29. சுற்றுலா விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். பாஸ்போர்ட் 10 வருஷத்துக்குள் எடுத்ததாக, ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக, 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். மனுவைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி கெடு 15 நாள். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ.

இதெல்லாம் கடையில் வாங்கிவிடலாம். வாங்க முடியாதது ஒன்றுதான்: திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை. அதைச் சொல்வது ஸ்டேட்மெண்ட்டின் கடைசி வரி பேலன்ஸ் இல்லை, நடுவில் இருக்கும் சில்லறை வரிகள். மாதாமாதம் விழும் பென்ஷன், கரண்ட் பில், இன்சூரன்ஸ் பிரீமியம், பேரன் பிறந்தநாளுக்கு அனுப்பிய ஐநூறு ரூபாய். இந்த மனுஷனுக்கு இங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று அவைதான் சாட்சி சொல்கின்றன. திடீர் அஞ்சு லட்சம் அந்தச் சாட்சியைக் கலைத்துவிடும்.

மறுத்தாலும் கட்டணத்தை வைத்துக்கொள்வது நியாயமா என்று கேட்டால், எனக்கும் கோபம் உண்டு. லோன் மறுத்துவிட்டுப் பிராசசிங் ஃபீஸை வைத்துக்கொள்ளும் போது எங்களைத் திட்டுகிறீர்களே, அதே கோபம் :-) ஆனால் அந்தக் கோபம் பொய்க் கணக்கு காட்ட லைசென்ஸ் ஆகாது. மறுப்பு அவர்கள் கம்ப்யூட்டரில் 5 வருஷம் வரை இருக்கும். ஒழுங்காகப் போய் வந்தால் அதற்கும் பலன் உண்டு. 2024 ஏப்ரலில் நம் நாட்டவருக்கென்று வந்த விதிப்படி, 3 வருஷத்துக்குள் 2 விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவருக்கு, பலமுறை போய்வரும் 2 வருஷ விசா கிடைக்க வழி இருக்கிறது.

அண்ணாச்சியை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். ஸ்விட்சர்லாந்து எதிர்பார்ப்பது ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 பிராங்க். அவர் சேமிப்பும் டெபாசிட்டும் அதற்குத் தாராளம். டெபாசிட் ரசீது, பென்ஷன் ஆர்டர், வீட்டுப் பத்திர நகல் மூன்றையும் சேர்த்து வைக்கச் சொன்னேன். விசா வரும்வரை ஃப்ளைட்டுக்கு முழுப் பணம் கட்ட வேண்டாம் என்றும் சொன்னேன்.

"அப்ப மச்சான்கிட்ட வேண்டாம்னு சொல்லிரவா?" என்றார்.

"இப்பவே சொல்லிருங்க அண்ணாச்சி."

உங்கள் வீட்டிலும் அப்பா அம்மா கிளம்பத் தயாராக இருந்தால், அவர்களுடைய ஆறு மாத பாஸ்புக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மெலிவாகத்தான் இருக்கும். இருக்கட்டும், அது அவர்களுடையது.