‘எனக்குத் திறக்கிறதே’

பத்திரிகை அலுவலகங்களில் வழக்கமான பதில் ஒன்று உண்டு. உங்கள் இணையத்தளம் திறக்கவில்லை என்று வாசகர் ஒருவர் தொலைபேசியில் முறையிட்டால், அழைப்பை ஏற்றவர் தமது கணனியில் அப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, ‘எனக்குத் திறக்கிறதே’ என்பார். அத்துடன் விடயம் முடிந்துவிடும். கோளாறு வாசகரின் இணைப்பில்தான் என்பது தீர்ப்பு. இத்தீர்ப்பை நானும் பல தடவைகள் வழங்கியவன்தான்.

எனது பணிக்காலத்தின் பிற்பகுதியில், நான் பணியாற்றிய பத்திரிகையின் இணையத்தளம் மூன்று வழங்கிகளில் இயங்கியது. அவற்றின் முன்னால் லோட் பலன்சர் எனப்படும் சுமைபகிர் மென்பொருள் நின்று, வருகின்ற வாசகர்களை மூன்றுக்கும் பிரித்து அனுப்பும். செய்திப் பக்கங்களைக் காட்டிலும் மரண அறிவித்தல் பக்கத்துக்கே கூட்டம் அதிகம் என்பது தமிழ்ப் பத்திரிகைகளை அறிந்தோருக்குப் புதிதல்ல. தமக்குக் கற்பித்த ஆசிரியையின் இறுதிக்கிரியை எப்போது என்று பார்க்க முடியவில்லையென ரொறன்ரோவிலிருந்து ஓர் அம்மையார் ஒரே நாளில் மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் அவருக்குக் கிடைத்தது அதே பதில்.

நிர்வாகம் கூடியது. வழங்கிகளின் சராசரிப் பளு அச்சப்படும்படி இருக்கவில்லை. ஆயினும் நான்காவது வழங்கி ஒன்று வாங்கப்பட்டது. அதன் பின்னர் அவதிப்படுவோர் மாறினார்களேயன்றி அவதி மாறவில்லை. பழி முழுவதும் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த இளைஞர் ஒருவர் மீது விழுந்தது. அவரோ வாதாடாமல், ஒவ்வொரு வழங்கியின் வருகைப் பதிவேட்டையும் தனித்தனியாகத் திறந்து, எந்த முகவரியிலிருந்து எத்தனை கோரிக்கைகள் என்று எண்ணத் தொடங்கினார். ஒரு வழங்கி மூச்சுத்திணற, ஏனையவை ஏறத்தாழ ஓய்ந்திருந்தமை அப்போதுதான் தெரியவந்தது. சராசரி என்ற எண் இதனை எங்களிடமிருந்து அழகாக மறைத்திருந்தது.

காரணம் இதுதான். வாசகரின் இணைய முகவரியைக் கொண்டு வழங்கியைத் தெரிவு செய்யும் முறை கையாளப்பட்டிருந்தது. இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் மென்பொருளில் இம்முறை, நான்கு பகுதிகள் கொண்ட பழைய வகை முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். கையடக்கத் தொலைபேசி நிறுவனங்களோ தமது பெருந்தொகையான வாடிக்கையாளர்களை, அடுத்தடுத்து அமைந்த சில பொது முகவரிகளின் வழியே வெளியே அனுப்புகின்றன. ஆகவே ஒரு நகரத்தின் கூட்டமே ஒற்றை வாசகரைப் போலத் தோன்றி ஒரே வழங்கியில் போய் இறங்கும். எத்தனை வழங்கிகளைச் சேர்த்தாலும் அந்தக் கட்டி உடைவதில்லை.

இம்முறையில் ஒருவர் எத்தனை தடவை வந்தாலும் அதே வழங்கிக்கே செல்வார். ரொறன்ரோ அம்மையார் மூன்று முறையும் திணறிக்கொண்டிருந்த வழங்கிக்கே அனுப்பப்பட்டார். எங்கள் அலுவலகம் ஒவ்வொரு முறையும் நல்ல வழங்கிக்கே சென்றது. இரு தரப்பும் உண்மையையே கூறின. நாங்கள் பரிசோதித்தது எங்களது அதிர்ஷ்டத்தை மட்டுமே.

இந்நோய் இணையத்தளங்களின் வயதை ஒத்தது. 1994இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. நிலையம், ஒரே பெயருக்குப் பல வழங்கிகளின் முகவரிகளைச் சுழற்றிக் கொடுத்துச் சுமையைப் பிரிக்க முயன்றது. இடையிலிருந்த பெயர்ச் சேவையகங்கள் ஒருமுறை கிடைத்த விடையை நினைவில் வைத்துக்கொண்டு தம்மைச் சார்ந்த அனைவருக்கும் அதையே வழங்கியமையால் அங்கும் சமநிலை குலைந்தது.

சமமாகப் பிரிப்பதென்றால் எதனைப் பிரிப்பது என்ற கேள்வியும் உண்டு. அச்சு யுகத்தில் விநியோகப் பகுதியினர் பத்திரிகைக் கட்டுகளை எண்ணி வண்டியேற்றுவார்கள். கட்டுகள் சமமாக இருக்கும், பிரதிகள் இரா. இணைப்புகளை எண்ணிப் பிரிக்கும் மென்பொருளுக்கும் இதே கதிதான். 2015இல் வரையறுக்கப்பட்ட எச்.டி.டி.பி. இரண்டாம் பதிப்பில் நெடுநேரம் திறந்திருக்கும் ஓர் இணைப்பினூடாகவே ஏராளமான கோரிக்கைகள் பாய முடியும்.

எங்கள் தளத்தில் முகவரியைப் பற்றிக்கொண்டிருந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. உள்நுழைந்தவரின் விபரங்கள் அந்தந்த வழங்கியின் நினைவகத்திலேயே கிடந்தன. அவற்றைப் பொதுவான ஓர் இடத்துக்கு மாற்றிய பின்னர், குறைந்த இணைப்புகள் உள்ள வழங்கிக்கு அனுப்பும் முறைக்கு இளைஞர் மாறினார். இரண்டு வாரங்கள் நிம்மதி. பின்னர் ஒருநாள் தரவுத்தளத்துடனான தொடர்பை இழந்த வழங்கியொன்று, எல்லாக் கோரிக்கைகளுக்கும் கணப்பொழுதில் பிழைச் செய்தியைத் திருப்பியது. வேலை செய்யாதவனின் மேசை எப்போதும் காலியாகத்தானே இருக்கும்! மென்பொருள் அதனையே மிகத் திறமைசாலி என நம்பி மேலும் மேலும் வாசகர்களை அனுப்பியது. வழங்கி உயிருடன் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்த சோதனையை, உண்மையான ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும் சோதனையாக மாற்ற நேர்ந்தது. அதிலும் அவதானம் வேண்டும். எல்லா வழங்கிகளும் நம்பியிருக்கும் பொதுத் தரவுத்தளம் சற்றுத் தடுமாறினாலும், அத்தனை வழங்கிகளும் ஒரே நேரத்தில் நோயாளிகளாகப் பட்டியலிடப்பட்டு முழுத் தளமுமே மூடிவிடும்.

புதிய வழங்கிக்குப் பணம் ஒதுக்குவது நிர்வாகங்களுக்கு இலகு. பதிவேட்டை ஒருவர் அமர்ந்து வாசிப்பதற்கு நேரம் ஒதுக்குவது ஏனோ கடினமாக இருக்கின்றது. அந்த நான்காவது வழங்கி வந்த நாளில் நாங்கள் தேநீர் விருந்து வைத்தோம் என்பதையும் வெட்கத்துடன் இங்கு குறிப்பிடுகிறேன்.

பின்னர் அந்த இளைஞர், பிழைப் பக்கம் உட்பட ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அதனை அனுப்பிய வழங்கியைக் குறிக்கும் ஒரு சிறிய எழுத்தைச் சேர்த்தார். முறைப்பாட்டுடன் யாராவது அழைத்தால் எங்கள் கணனியை நாங்கள் பார்ப்பதில்லை. “அடியில் என்ன எழுத்துத் தெரிகிறது, அம்மா?” என்றுதான் கேட்டோம்.