பாலிஷ் போட்டுப் பாழாக்காதீங்க!

கொல்கத்தாவில் பழைய பாக்கெட் வாட்ச் வாங்கற நம்மாளுங்க டயலை மட்டும்தான் பார்க்கறாங்க. 'குக் அண்ட் கெல்வி'ன்னு இருந்தா போதும், அசல் கல்கத்தா வாட்சாம்! அட, அது 1858-ல் இங்கே ஆரம்பிச்ச கடையோட பேருங்க. உள்ளே ஓடற எந்திரம் சீமையிலிருந்து வந்தது.

டயலை யார் வேணும்னாலும் புதுசா அச்சடிக்கலாம். பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்க. வெள்ளியில் நடக்கற சிங்கம் இருந்தா இங்கிலாந்து முத்திரை. கூடவே நங்கூரம் இருந்தா பர்மிங்காம். மூணு கரடியும் 0.935-ம் இருந்தா சுவிஸ். திறக்க மாட்டேன்னா நடையைக் கட்டுங்க.

இதைவிடக் கொடுமை, வீட்டில் இருக்கற தாத்தா வாட்சை நாமே கெடுக்கறது. 'பளபளன்னு இருக்கணும்'னு ஒவ்வொரு தடவை பாலிஷ் போடும்போதும் அந்த முத்திரை தேயுது. நானும் அந்தப் பாவத்தைச் செஞ்சவன்தான். எங்க தாத்தா வாட்சில் இருக்கறது கரடியா நாயான்னு இப்ப எனக்கே தெரியல!

வாட்சுக்கு ஏதாவது செய்யணுமா? எந்திரத்தைப் பிரிச்சு, கழுவி, எண்ணெய் போடச் சொல்லுங்க. மேலே இருக்கற கருப்பு அழுக்கில்லை சாமி, வயசு. அதை விட்டுடுங்க.