கேம் ஓடினால் எல்லாம் ஓடிவிடாது

“கேம் ஓடுற சிஸ்டத்துல எடிட்டிங் தானா ஓடும்.” சென்னை ரிச்சி தெருவின் கம்ப்யூட்டர் கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் இதைச் சொல்கிறார். யூடியூபில் கலர் விளக்கு எரியும் கேபினெட்டைத் திறந்து காட்டுபவரும் இதையே சொல்கிறார். இப்போது எங்கள் கொடுங்கையூரிலும், மூலக்கடையிலிருந்து எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் வருகிற வழியில், ஒரு கடை வாசலில் ஃபிளெக்ஸாகவே கட்டிவிட்டார்கள்: ‘கேமிங், எடிட்டிங் இரண்டுக்கும் ஒரே பிசி!’ பல வருஷமாகக் காதில் விழுந்து எரிச்சலூட்டும் இந்தப் பேச்சுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

விற்கிறவருக்கு இது ஒரு வரி. வாங்குகிற பையனுக்கு இது பிழைப்பு. முத்தமிழ் நகர், கண்ணதாசன் நகர், எம்.கே.பி. நகர், வியாசர்பாடி என்று எங்கள் பக்கத்தில் வீட்டு முன்னறையில் சிஸ்டம் போட்டு எடிட்டிங் செய்கிறவர்கள் நிறைய. கல்யாணம், சர்ச் கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து இவைதான் இவர்களுடைய சினிமா. அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுவார், அல்லது மணலியில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பார். அம்மாவின் வளையல் அடகுக்குப் போய், மீதிக்கு இஎம்ஐ போட்டு ஒரு சிஸ்டம் வரும். அது தை மாதத்து முகூர்த்த நெருக்கடியில் திணறினால், விற்றவர் வந்து ராத்திரி கண்விழிக்கப் போவதில்லை.

அவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

வாதம் ஒன்று: “கேமுக்கு நம்பர் ஒன் பிராசசர், எடிட்டிங்குக்கும் அதுதான் நம்பர் ஒன்.”

இல்லை. 2023 ஏப்ரலில் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி கேமில் ராஜாவாக இருந்தது. காரணம், அதில் ஏற்றிவைத்த 96 எம்பி கேஷ் மெமரி. கேம்கள் அதைத் தின்று கொழுக்கும். எடிட் செய்த வீடியோவை முழுசாக எழுதி எடுக்கும் ரெண்டருக்கு வேண்டியது கோர். அந்தச் சிப்பில் இருப்பது எட்டுதான். 12 கோர், 16 கோர் பிராசசர்கள் கேமில் அதற்குப் பின்னால் நின்றாலும் ரெண்டரில் அதைத் தாண்டிப் போய்விடும். ஒரே கம்பெனி, ஒரே தலைமுறை, இரண்டு வேலைக்கு இரண்டு வரிசை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வாதம் இரண்டு: “பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டாச்சுன்னா முடிஞ்சது. பிராசசர்ல எஃப் மாடல் எடுத்துக்குங்க, காசு மிச்சம்.”

இந்தத் தொழிலில் நான் பார்த்த சிஸ்டங்களில் பாதி கெட்டுப்போனது இந்த அறிவுரையால்தான். அதனால் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இன்டெல் பிராசசர் ஒன்றின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதற்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதனால்தான் எஃப் இல்லாத ஐ5-12400-ஐவிட அது விலை குறைவு. கேம் ஆடுகிறவருக்கு இதில் நஷ்டமே கிடையாது. அவரிடம் தனியாகக் கார்டு இருக்கிறது, அந்த உள் கிராஃபிக்ஸை அவர் தொடவே மாட்டார். இதுவரை கடைக்காரர் சொல்வது சரி.

ஆனால் அந்த முடங்கிய பகுதிக்குள்தான் குயிக் சிங்க் இருக்கிறது. 2011-லிருந்து இன்டெல் தன் சிப்பில் வைத்துவருகிற, வீடியோவைப் பிரித்துப் படிப்பதற்கும் சுருக்கி எழுதுவதற்குமே ஆன தனிச் சுற்று அது. பிரீமியர், டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ, நம் ஊர்க் கல்யாண எடிட்டர்கள் கைவிடாத எடியஸ், மூன்றும் அதைப் பயன்படுத்தும். எடியஸ் பெரும்பாலும் பிராசசரையும் குயிக் சிங்க்கையும் நம்பி ஓடுகிற சாஃப்ட்வேர். பெரிய கார்டு போட்டதனால் அது பெரிதாக வேகம் எடுத்துவிடாது.

“அதான் கார்டுலயும் வீடியோ படிக்கிற சுற்று இருக்கே?” என்று கேட்பார்கள். இருக்கிறது. எந்த வீடியோவைப் படிக்கும் என்பதுதான் கேள்வி. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ், சாதாரண செல்போன் வீடியோ எல்லாம் 4:2:0 என்ற முறையில் பதிவானவை. நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல். பார்க்கிறவருக்கு அது போதும். படம் பிடித்த பிறகு நிறத்தைத் திருத்துகிறவருக்குப் போதாது. அதனால் சோனி ஏ7எஸ் 3, எஃப்எக்ஸ்3, ஏ7 4, கேனன் ஆர்6 போன்ற கேமராக்கள் 4:2:2, 10 பிட் என்ற முறையிலும் பதிவு செய்கின்றன. இரண்டு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல், நிறம் ஒவ்வொன்றுக்கும் 256-க்குப் பதிலாக 1024 படிகள். கூரைப் புடவையின் சிவப்பும் ஜரிகையும் மேடை விளக்கில் திட்டுத்திட்டாக உடையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். 2020, 2021-ல் புதிதாக வந்த இந்தக் கேமராக்கள் இன்று கொடுங்கையூரிலேயே நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன.

எச்.265 முறையில் சுருக்கிய இந்த 4:2:2 ஃபைலை என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக் கார்டு படிக்காது. 40 வரிசையும் படிக்காது. ஒன்றரை லட்ச ரூபாய்க்கு வந்த 4090 போட்டாலும் படிக்காது. 11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல்லின் குயிக் சிங்க் படிக்கும், அதாவது விலை குறைந்த பிராசசரில் இலவசமாக வந்திருக்க வேண்டிய அந்தப் பகுதி. காசு மிச்சம் என்று சொல்லிக் கடைக்காரர் கழித்துவிட்டது அதைத்தான்.

சந்தேகம் இருப்பவர் ஒரு காரியம் செய்யலாம். அந்த ஃபைலை டைம்லைனில் போட்டு ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கிராஃபிக்ஸ் கார்டு பக்கத்தில் ‘வீடியோ டிகோட்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். கோடு தரையோடு தரையாகப் பூஜ்யத்தில் கிடக்கும். பிராசசர் மட்டும் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். படம் ஓடாமல் தத்தும். தாலி கட்டுகிற இடத்தில் கட் போட வேண்டும், கெட்டிமேளம் ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் நிற்கிறது. மூன்று கேமராவை மல்டிகேமில் அடுக்கினால் கேட்கவே வேண்டாம். நாற்பதாயிரம் ரூபாய்க் கார்டு பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

எஃப் இல்லாத பிராசசர் வாங்கியவரும் தப்பிவிடுவதில்லை. தனிக் கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயோஸுக்குள் போய் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்பதை இயக்கிவிட வேண்டும். ஒரு நிமிஷ வேலை. கேமுக்கு அது தேவைப்படாததால், கேம் சிஸ்டம் கட்டிப் பழகிய கை அங்கே போவதே இல்லை. ஃபைலை லேசான நகலாக, அதாவது ப்ராக்ஸியாக, மாற்றி வைத்துத்தான் வேலை பார்த்துவந்த எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு அந்த ஒன்றை மாற்றிக் கொடுத்ததும் அதே ஃபைல் தத்தாமல் ஓடியது. “இவ்ளோதானாண்ணா? இதுக்கா ஒரு சீசன் பூரா ப்ராக்ஸி போட்டுக்கினு இருந்தேன்?” என்றான். அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை, கோபம். நியாயமான கோபம்.

2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2 படிக்கிறது, உண்மை. ஆனால் எங்கள் தெருக்களில் இஎம்ஐ ஓடிக்கொண்டிருப்பதும், செகண்ட் ஹேண்டில் கைமாறுவதும் 30, 40 வரிசைகள்தான். அவற்றை விற்றபோதும் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் விற்றார்கள்.

வாதம் மூன்று: “புதுக் கார்டுதான் நல்ல கார்டு.”

கேமுக்குப் பெரும்பாலும் சரி. 2021 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி மெமரி. 2023 ஜூனில் வந்த 4060-ல் 8 ஜிபி. புதியது கேமில் வேகமாக ஓடும். ஃபிரேம் ஜெனரேஷன் என்று இல்லாத ஃபிரேமைத் தானே வரைந்து எண்ணிக்கையை ஏற்றியும் காட்டும். அந்த வித்தை டைம்லைனில் ஒன்றுக்கும் உதவாது. ராத்திரி ரிசப்ஷனில் குறைந்த வெளிச்சத்தில் எடுத்த 4கே காட்சிக்கு ரிசால்வ் ஸ்டுடியோவில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பாருங்கள். ‘ஜிபியு மெமரி ஃபுல்’ என்ற அறிவிப்பு முதலில் எந்தக் கார்டில் வரும் என்பது தெரிந்துவிடும். கார்டு செய்கிற என்விடியாவே 2019-லிருந்து கேமுக்கு ஒரு டிரைவர், ‘ஸ்டுடியோ’ என்று இந்த மாதிரி வேலைகளுக்கு ஒரு டிரைவர் எனத் தனித்தனியாக வெளியிடுகிறது. விற்கிறவருக்கு மட்டும் இரண்டும் ஒன்று.

வாதம் நான்கு: “144 ஹெர்ட்ஸ் மானிட்டர் போட்டிருக்கோம், படம் வெண்ணெய் மாதிரி போகும்.”

வேலொரன்ட் ஆடும்போது போகும். நாம் கொடுக்கிற கல்யாண வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம். மீதி ஹெர்ட்ஸை வைத்து என்ன செய்வது? அந்தக் காசு நிறம் சரியாகக் காட்டுகிற பேனலுக்குப் போயிருக்க வேண்டும். வேகத்துக்காகவே செய்த டிஎன் பேனலில் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தாலே நிறம் மாறிவிடும். அதில் பார்த்துத் திருத்திய மாநிறம், பெண் வீட்டு டிவியில் செங்கல் நிறமாகத் தெரியும். “எம் பொண்ணு முகம் ஏன் தம்பி இப்பிடி செவந்து கெடக்கு?” என்று அந்த அம்மா போன் செய்யும்போது, ஹெர்ட்ஸ் கணக்கைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது.

வாதம் ஐந்து: “16 ஜிபி ராம், ஒரு டிபி எஸ்எஸ்டி. தாராளம்.”

கணக்குப் போட்டுப் பாருங்கள். சோனியில் 4கே, நொடிக்கு 50 ஃபிரேம், எச்.265 முறையில் 200 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமராவும் நான்கு மணி நேரம் ஓடினால் 720 ஜிபி. ஒரே ஒரு கல்யாணம்! விண்டோஸும், நூறு ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும் ஒரு கேமும் அதே டிஸ்க்கில் உட்கார்ந்திருந்தால், அடுத்த முகூர்த்தத்தின் ஃபுட்டேஜை எங்கே இறக்குவது? இடம் இல்லை என்று மெமரி கார்டையே அழித்துவிட்டு, காப்பியும் இல்லாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. போன முகூர்த்தத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ராம் விஷயத்தில் 4கே வேலைக்கு 32 ஜிபி இருந்தால்தான் மூச்சு விடலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் திறப்பவர் 64-ஐப் பற்றி யோசிக்க வேண்டும்.

வாதம் ஆறு: “எல்லாத்தையும் கடையிலேயே டெஸ்ட் பண்ணிக் காட்டுறோமே!”

ஏசி போட்ட கடையில் பத்து நிமிஷம் கேம் ஓட்டிக் காட்டுவது கொடுங்கையூருக்கான சோதனை ஆகாது. கேம் ஆடுகிறவன் களைத்தால் நிறுத்துவான். ரெண்டர் விடிய விடிய ஓடும், எல்லாக் கோரும் ஒரே நேரத்தில் கொதிக்கும். மே மாதத்தில், ஏசி இல்லாத முன்னறையில், டப்பாவோடு வந்த சின்ன கூலர் அதைத் தாங்காது. சூட்டைக் காப்பாற்ற பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அதற்கு மேல் தூசி. 300 ஏக்கருக்கு மேல் பரந்த குப்பைக்கிடங்கு எங்கள் பக்கத்தில் இருக்கிறது. அது தீப்பிடித்தால் புகை வீட்டுக்குள் வரும். எண்ணூர், மணலி, துறைமுகம் என்று கன்டெய்னர் லாரிகள் ராத்திரி பகல் ஓடுகின்றன. இங்கே ஒரு சிஸ்டத்தின் பக்கத் தகட்டைக் கழற்றினால், ஃபேன் இறக்கைகளின் விளிம்பில் கறுப்பாக, விரலில் ஒட்டுகிற பிசுக்கோடு தூசி படிந்திருக்கும். ஹீட்சிங்க் இடுக்குகளில் அது கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். கேமிங் கேபினெட் என்று விற்பது பெரும்பாலும் முன்பக்கம் முழுக்க வலை, உள்ளே விளக்கு. கழற்றிக் கழுவும் ஃபில்டர் இருக்கிறதா என்று அங்கே எவரும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. கரன்ட் போனால் இன்னொரு கூத்து. சிஸ்டத்தோடு தள்ளிவிடும் 600 விஏ யுபிஎஸ் வழக்கமாக 360 வாட்டுக்கு மேல் தாங்காது. கார்டும் பிராசசரும் முழு மூச்சில் ரெண்டர் ஓட்டும்போது அது ‘பீப்’ என்று கத்திவிட்டு அணைந்துபோகும்.

வாதம் ஏழு: “ஓடலைன்னா ப்ராக்ஸி போட்டுக்கலாம்.”

போடலாம். அந்த ப்ராக்ஸி உருவாகிற நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

இரண்டு வேலைக்கும் ஒரே சிஸ்டம் வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை. இரண்டு வாங்க எங்கள் வீடுகளில் வசதியும் இல்லை, இடமும் இல்லை. தப்பு, எதை முதலில் வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பதில். எடிட்டிங்குக்கு என்று பார்த்து வாங்கிய சிஸ்டத்தில் கேம் ஓடும். நொடிக்கு 140 ஃபிரேம் வர வேண்டிய இடத்தில் 110 வரும், கௌரவமாக ஆடலாம், பெரிய நஷ்டமில்லை. கேமுக்கு என்று கட்டியதில் எடிட்டிங் திணறினால் டெலிவரி தள்ளிப்போகும், பாக்கிப் பணம் வராது, அடுத்த ஆர்டர் வேறு ஸ்டுடியோவுக்குப் போகும். இந்த நஷ்டமும் அந்த நஷ்டமும் ஒன்றல்ல.

ஆகவே தம்பிகளே, எடிட்டிங் செய்யும் தங்கச்சிகளே, அடுத்த முறை ரிச்சி தெருவுக்குப் போகும்போது பட்ஜெட்டோடு ஒரு பென் டிரைவும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் கேமராவில், நீங்கள் வழக்கமாக வைக்கும் செட்டிங்கில் எடுத்த நிஜக் கல்யாணக் கிளிப் மூன்று அதில் இருக்கட்டும். பணம் கொடுப்பதற்கு முன் அவற்றை அந்தச் சிஸ்டத்தில், நீங்கள் வேலை செய்கிற சாஃப்ட்வேரில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தத்தாமல் ஓடினால் வாங்குங்கள். “அதெல்லாம் எதுக்கு, கேமே ஓடுதே” என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?