எண்ணுகிறவன் யார்?

சமூகக் கொள்கை ஆராய்ச்சி என்று பல்கலைக்கழகங்களில் ஒரு படிப்பு உண்டு. நமக்கு அதனால் என்ன என்று கேட்கும் தோழர்களே, பால் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பாராமல் இருக்கிறோமா? சர்க்கார் திட்டங்களை நிறுக்கும் தராசு இந்தப் படிப்பு.

மெக்சிகோவில் 1997-இல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாய்மாருக்கு உதவித்தொகைத் திட்டம் பிறந்தது. ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320-க்கு முதலில் கொடுத்தார்கள். 186-ஐக் காக்க வைத்து ஒப்பிட்டார்கள். காத்திருந்த ஏழைகளை நினைத்தால் நமக்குக் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் பலன் கண்கூடாயிற்று. 2000-இல் ஆட்சி மாறியும் திட்டம் நிலைத்தது.

நம் மலாயாப் பல்கலைக்கழகத்து உங்கு அசீஸ், வீட்டிலுள்ள சாரோங் கைலிகளை எண்ணி வறுமையை அளந்தார். எதை எண்ணுவது என்று முடிவு செய்யும் இடத்தில் லயத்தில் வளர்ந்த பிள்ளையும் உட்கார வேண்டாமா? கல்வி உதவி வழங்கும் சங்கங்கள் டாக்டர், வக்கீல் படிப்போடு இதையும் சேர்க்கட்டும்.