மாணவரைப் படிக்க வைக்கிறோம். விரிவுரையாளரைப் படிக்க வைப்பது யார்?

உயர்கல்விச் சேர்க்கை முடிவு வெளியாகும் ஒவ்வொரு முறையும் இந்தச் சமூகப் பக்கத்துக்குப் படங்கள் வந்து குவியும். டிப்ளோமா படிக்கப் புறப்படும் தோட்டத்துப் பையன், பட்டமளிப்பு அங்கியில் அப்பா அம்மாவுக்கு நடுவில் நிற்கும் பெண் என்று மகிழ்ச்சியோடு வெளியிடுகிறோம். வெளியிட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் விரிவுரையாளர் கடைசியாக எப்போது பயிற்சிக்குப் போனார்? பட்டறையில் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர், தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருக்கும் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாரா? பதிவு அலுவலகத்தில் இருக்கும் குமாஸ்தாவுக்கு மேலே படிக்க வழி இருக்கிறதா? இதை நாம் கேட்பதில்லை.

வட சிலாங்கூரில் இந்தக் கேள்விக்கு இடம் உண்டு. நெல் வயலும் செம்பனைத் தோட்டமும்தான் நம் வட்டாரம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தாலும், சபாக் பெர்ணம் மாவட்டத்தின் சுங்கை ஆயர் தாவாரில் சுல்தான் இட்ரிஸ் ஷா போலிடெக்னிக் இருக்கிறது. சபாக் பெர்ணம் சமூகக் கல்லூரியும் இருக்கிறது. தெற்கே கோல சிலாங்கூர் மாவட்டத்துக்கு இறங்கினால், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைத்த பெஸ்தாரி ஜெயாவில் யூனிசெல் பல்கலைக்கழகமும், பூஞ்சாக் ஆலாமில் யூஐடிஎம் வளாகமும் உள்ளன. இந்த வளாகங்களிலும், வேலை தேடி கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போய்த் தனியார் கல்லூரிகளில் சேர்ந்தவர்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். சிலர் விரிவுரையாளர்கள். சிலர் ஆய்வுக்கூட உதவியாளர்கள், நூலகப் பணியாளர்கள், குமாஸ்தாக்கள்.

அவர்கள் தொழிலில் உயர்வதற்கான வாய்ப்புகள் நாட்டில் இல்லாமல் இல்லை. ஆனால் எந்த வாய்ப்பு யாருக்குத் திறக்கும் என்பது திறமையைவிட வேலை நியமனக் கடிதத்தைப் பொறுத்தே இருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் இப்போது கேட்க வேண்டும்?

திவெட் எனப்படும் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் பயிற்சிக்கு அரசாங்கம் பெரும் பணம் ஒதுக்கி வருகிறது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் 680 கோடி ரிங்கிட், 2025இல் 750 கோடி ரிங்கிட். 2024இல் தேசிய திவெட் கொள்கை 2030 வெளியிடப்பட்டது. 2025 ஜூலை 31ஆம் தேதி நாடாளுமன்றத்தில் தாக்கலான 13ஆவது மலேசியத் திட்டத்திலும் திவெட்டுக்கு முக்கிய இடம் உண்டு. பெற்றோர் காதில் விழும் செய்தி ஒன்றுதான்: பிள்ளையைத் திவெட்டுக்கு அனுப்புங்கள், வேலை கிடைக்கும்.

வேலை கிடைப்பது பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறான் என்பதைப் பொறுத்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்ற பயிற்றுநர், அன்று கற்றதையே இன்றும் நடத்தினால் மாணவனின் சான்றிதழ் புதிதாக இருக்கும், திறன் பழையதாக இருக்கும். மின்சாரக் கார், சூரிய மின்தகடு, தானியங்கி இயந்திரம் என்று தொழில் உலகம் மாறும்போது முதலில் வகுப்புக்குப் போக வேண்டியவர் ஆசிரியர்தான்.

இது இந்த நாட்டுக்குப் புதிய பாடமும் அல்ல. 1993இல் ஜொகூரில் போலிடெக்னிக் பணியாளர்களுக்காக ஒரு பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. போலிடெக்னிக் விரிவுரையாளர்களை உருவாக்குவதே அதன் வேலை. அந்த மையம்தான் வளர்ந்து, 2007இல் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்றது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் தஞ்சோங் மாலிமைப் பாருங்கள். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியதுதான் 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆனது. கற்பிப்போருக்குக் கற்பிக்க எழுப்பிய இடங்கள் பல்கலைக்கழகங்களாகவே வளர்ந்திருக்கின்றன. அந்த அக்கறை எல்லா வகைப் பணியாளர்களையும் எட்டியதா என்பதுதான் கேள்வி.

அரசாங்கப் பணியில் இருப்போர்

போலிடெக்னிக், சமூகக் கல்லூரி ஆகியவற்றின் நிரந்தரப் பணியாளர்கள் அரசு ஊழியர்கள். 2005ஆம் ஆண்டின் 6ஆம் எண் சேவைச் சுற்றறிக்கை, அரசு ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. இதில் விரிவுரையாளர், குமாஸ்தா என்ற வேறுபாடு கிடையாது. எனவே பயிற்சிக்கு அனுப்பும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது.

முதுகலை, முனைவர் படிப்புக்கு எச்எல்பி எனப்படும் கூட்டரசுப் பயிற்சி விருது இருக்கிறது. பொதுச் சேவைத் துறை நடத்தும் இத்திட்டத்தில் தேர்வு பெறுபவர் சம்பளத்துடன் படிப்பு விடுப்பு எடுத்து முழுநேரமாகப் படிக்கலாம். படித்து முடித்ததும் ஒப்பந்தப்படி திரும்பி வந்து சேவையாற்ற வேண்டும். உயர்கல்வி நிர்வாகத்தில் பொறுப்புக்கு வர விரும்புவோருக்கு 2008இல் தொடங்கிய அக்கெப்ட் எனும் உயர்கல்வித் தலைமைத்துவக் கழகம் பயிற்சி நடத்துகிறது. இந்தானின் இணையவழிப் படிப்புகளை அரசு ஊழியர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

ஆனால் எச்எல்பி போன்ற திட்டங்கள் பணி உறுதி பெற்றவர்களுக்கானவை. ஒப்பந்த அடிப்படையில் ஆண்டுக்கு ஆண்டு கடிதம் புதுப்பிக்கப்படுபவர் அதே வகுப்பறையில் அதே பாடத்தை நடத்தினாலும் அந்தக் கதவு அவருக்குத் திறக்காது.

தனியார் கல்லூரியில் இருப்போர்

இங்கே நெருக்கடி கூடுதல். டிப்ளோமா மாணவருக்குப் பாடம் நடத்தப் பொதுவாக இளங்கலைப் பட்டம் வேண்டும், இளங்கலை மாணவருக்கு நடத்த முதுகலை வேண்டும் என்பது எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி முகவாண்மையின் தர விதி. கல்லூரி தன் டிப்ளோமாவைப் பட்டப்படிப்பாக உயர்த்தினால், இளங்கலைப் பட்டத்துடன் அதுவரை பாடம் நடத்தியவர் ஒரே நாளில் தகுதி குறைந்தவராகி விடுகிறார். அவர் முதுகலை படிக்க யார் பணம் கட்டுவது? பெரும்பாலும் அவரே.

பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. 2001ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டு நிறுவனச் சட்டத்தின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் அவர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் நிறுவனத்துக்கு லெவியாகக் கட்ட வேண்டும். தனியார் உயர்கல்வி நிறுவனங்களும் இதில் அடங்கும். இதை முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அந்தப் பணம் பணியாளர்களின் பயிற்சிக்கானது. குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் முதலாளியின் கணக்கிலிருந்து அது போய்விடும். ஆகவே "நம் கல்லூரியின் லெவிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது? அதில் எந்தப் பயிற்சிக்கு எங்களை அனுப்பப் போகிறீர்கள்?" என்று கேட்பதில் தவறில்லை. கேட்காமல் காலாவதியாகும் பணத்தால் கல்லூரிக்கும் லாபமில்லை.

பகுதி நேர விரிவுரையாளர் இந்தக் கணக்கிலும் பெரும்பாலும் வருவதில்லை. என்னோடு தமிழியல் படித்த தோழி ஒருத்தி ஒரு தனியார் கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பொதுப்பாடம் நடத்துகிறாள். பயிற்சிப் பட்டியலில் தன் பெயர் இல்லையே என்று அலுவலகத்தில் கேட்டாள். "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே, சேவை ஒப்பந்தம்தானே" என்று பதில் வந்தது. மாணவர்களுக்கு அவள்தான் 'மிஸ்'. கல்லூரிக் கோப்பில் அவள் ஒரு விலைப்பட்டியல். தவணை முடிந்தால் ஊழியர் சேமநிதியும் இல்லை, பயிற்சியும் இல்லை.

இவள் நிலையில் இருப்பவர்களுக்கு எச்ஆர்டி கார்ப் நடத்தும் இ-லத்தே இணையத்தளப் படிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊழியர் சேமநிதியில் முன்பு சேமித்தவர்கள் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து சொந்தப் படிப்புக்குப் பணம் எடுக்கலாம். வருமான வரி கட்டுபவர் தன் மேற்படிப்புக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு கோரலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சேமநிதியில் எடுப்பது ஓய்வுக்காலப் பணம். வரிக்கழிவு, வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குபவருக்கே பயன்படும். குறைந்த வருமானம் உள்ளவருக்குத்தான் உதவி மிகக் குறைவாகப் போய்ச் சேருகிறது.

பட்டறையிலிருந்து வகுப்பறைக்கு

தோட்டப்புறத்துக்கு நேரடியாகத் தொடர்புடைய வழி இதுதான். பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. நூறாண்டுக்கும் மேலாகச் செம்பனையோடு வாழும் வட்டாரம் இது. ஆலையில் கொதிகலன் பார்த்தவர், டிராக்டர் பழுது பார்த்தவர், வெல்டிங் செய்தவர், மின்கம்பி இழுத்தவர் என்று அனுபவசாலிகள் நம்மிடையே நிறைய. கையில் சான்றிதழ் இல்லாததால் அவர்களை யாரும் 'பயிற்றுநர்' என்று அழைப்பதில்லை.

திறன் மேம்பாட்டுத் துறையின் பிபிடி எனும் முன்சாதனை அங்கீகார முறையில், வேலை அனுபவத்துக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் திறனைக் காட்டி, எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழைப் பெறலாம். ஆண்டுக்கணக்கில் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. அதற்கு மேல், ஷா ஆலாமில் உள்ள சியாஸ்ட் மையம் தொழிற்பயிற்சி அளிப்போருக்கான பயிற்சியை நடத்துகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆலைப் பட்டறையில் இருபது ஆண்டு உழைத்தவர் பயிற்சி நிலையத்தில் கற்பிக்கும் இடத்துக்கு வர முடியும்.

கல்லூரியில் வேலை செய்தும் பட்டம் இல்லாத குமாஸ்தா, ஆய்வுக்கூட உதவியாளர் போன்றவர்களுக்கு எம்கியூஏவின் அப்பெல் ஏ உண்டு. வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுத்துப் படிப்பில் சேர வழிவிடும் முறை இது. டிப்ளோமாவுக்கு 20 வயது, இளங்கலைக்கு 21, முதுகலைக்கு 30 என்று வயது வரம்பு வைத்துத் தொடங்கப்பட்டது. தேர்வும் அனுபவத் தொகுப்பும் உண்டு. 2000இல் தொடங்கிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை வேலை செய்துகொண்டே படிக்க இடம் தருகின்றன. சேருவதற்கு முன், இந்த வழியில் பெறும் பட்டம் தன் பதவி உயர்வுக்கு ஏற்கப்படுமா என்று தன் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. படித்து முடித்த பிறகு கேட்பது வீண் அலைச்சல்.

தூரம் என்ற செலவு

இத்தனை வழிகளையும் சபாக்கிலிருந்து பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. நேரடிப் பயிற்சி பெரும்பாலும் ஷா ஆலாம், புத்ராஜெயா, நீலாய், கோலாலம்பூர். சபாக்கிலிருந்து கோலாலம்பூருக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். ரயில் கிடையாது. காலை எட்டரை மணிப் பயிற்சிக்கு இருட்டில் கிளம்ப வேண்டும், அல்லது முதல் நாளே போய்த் தங்க வேண்டும். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் பெண் விரிவுரையாளருக்கு மூன்று நாள் பயிற்சி என்பது மூன்று நாள் வீட்டு ஏற்பாடு. பயிற்சிக் கட்டணம் இலவசம் என்பது இங்கே பாதி உண்மைதான்.

வட சிலாங்கூரில் ஒரு போலிடெக்னிக்கும் ஒரு சமூகக் கல்லூரியும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. இரண்டும் உயர்கல்வி அமைச்சின் ஒரே துறையின் கீழ் வருபவை. பயிற்றுநரை இங்கே அழைத்து, இரு வளாகப் பணியாளர்களுக்கும் சேர்த்து, இடமிருந்தால் வட்டாரத்தின் தனியார் பயிற்சி நிலையங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டுப் பயிற்சி நடத்தலாம். முப்பது பேரைத் தெற்கே அனுப்புவதைவிட ஒருவரை வடக்கே அழைப்பது மலிவு.

நம் பங்கு

மாணவர்களுக்குப் பரிசளிப்பு விழா நடத்தும் பொது இயக்கங்கள் நம் வட்டாரத்தில் உண்டு. ஆண்டில் ஒரு நாளை வேலை செய்யும் பெரியவர்களுக்காக ஒதுக்கலாம். பிபிடி விண்ணப்பம் எப்படி நிரப்புவது, அப்பெல் தொகுப்பில் எதை வைப்பது, எச்எல்பி அறிவிப்பை எங்கே பார்ப்பது என்பதை, அந்த வழியில் ஏற்கெனவே போய் வந்தவர் தமிழில் எடுத்துச் சொன்னால் போதும். மண்டபமும் தேநீரும்தான் செலவு.

கல்லூரியில் வேலை செய்யும் வாசகர்கள் அடுத்த பயிற்சித் திட்டம் எழுதப்படுவதற்கு முன் தங்கள் அலுவலகத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஆண்டு எனக்கு எத்தனை நாள் பயிற்சி பதிவாகியிருக்கிறது? பயிற்சிக்கான ஒதுக்கீடோ லெவியோ எவ்வளவு மீதம் இருக்கிறது? ஒப்பந்த, பகுதி நேரப் பணியாளருக்கு அதில் இடம் உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த சேர்க்கைக் காலத்தில் வழக்கம்போலப் படங்கள் வரும். கூடவே, நாற்பத்தைந்து வயதில் எஸ்கேஎம் வாங்கிய வெல்டிங்காரர், வேலை செய்துகொண்டே டிப்ளோமா முடித்த கல்லூரிக் குமாஸ்தா ஆகியோரின் படங்களையும் அனுப்பி வையுங்கள். அவற்றுக்கும் இந்தப் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறோம்.